தூசி என்று அழித்த புள்ளி

காணாமல் போன படகைத் தேடி இப்போதெல்லாம் யாரும் கடலுக்குப் போவதில்லை. வானத்துக் கேமரா எடுக்கும் படத்தை இயந்திரம் தூசி துடைத்துக் கூர்மையாக்கும். அதில் படகு தெரிந்தால்தான் மீட்பு விமானம் கிளம்பும். படகு உண்டா இல்லையா என்று பார்த்துப் படத்தில் கையெழுத்திடுவது செல்சியாவின் வேலை.

அன்றைய படத்தில் வெறும் கடல். வாசலில் சூசம்மா, மூன்று நாளாகத் திரும்பாத கணவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். கையெழுத்திட மனம் வராமல், செல்சியா முதன்முறையாகத் துடைக்காத படத்தைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு புள்ளி.

"அது தூசிம்மா. மெஷினே அழிச்சிருச்சு, நீங்க ஏன் நோண்டுறீங்க?" என்றார் மேலாளர்.

"கேமராவுல ஒட்டுன தூசின்னா எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துலதான சார் இருக்கும்?"

அடுத்த படத்தில் புள்ளி நகர்ந்திருந்தது.

மாலைக்குள் விமானம் சூசம்மாவின் கணவனைக் கொண்டுவந்து சேர்த்தது. செல்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, இதுவரை தான் கையெழுத்திட்ட வெறும் கடல்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள்.