வட்டப் பலகை

"விளக்கு ஏத்தறதுக்குள்ள கிளம்பிடு, ஷூயுன்."

அண்ணி குய்லான் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்தபடியே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஷூயுனுக்கு விவாகரத்தாகிச் சில மாதங்கள்தான். ஆற்றங்கரைத் தெருவில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். நாளைக்குச் சீனப் புத்தாண்டு. இன்று மாலை ஊரே குடும்பம் குடும்பமாக ஒரே மேஜையைச் சுற்றி உட்காரும். காலையிலேயே மீன் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். இருக்கச் சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை.

அப்பா லுவோ அடுப்படி வாசலில் நின்றார். இந்த ஒரு வருஷம் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இழுத்தார்.

"கட்டிக் கொடுத்த பொண்ணு இன்னைக்குப் பிறந்த வீட்டு விளக்கைப் பார்த்தா அண்ணன் குடும்பம் நொடிச்சுப் போயிடும்" என்று கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள். அறுத்துக்கொண்டு வந்தாலும் கட்டிக் கொடுத்தது கட்டிக் கொடுத்ததுதானாம்.

"அவங்க சொல்றது சரிதான், மாமா. வழக்கம்னா வழக்கம்" என்றாள் குய்லான்.

அண்ணன் தேஹாய் பெரிய வட்டப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அதை மேஜைமேல் ஏற்றுவார்கள். அப்போதுதான் எல்லோரும் சுற்றி உட்கார முடியும்.

குய்லான் விடவில்லை. "உன் ரூம்ல மேஜை உண்டா?"

"சின்னதா ஒண்ணு."

"அதைச் சுத்தி நாலு பேர் நிக்கவாவது இடம் இருக்கா?"

"கட்டிலை நிமிர்த்தி வச்சா இருக்கும்." என்றாள் ஷூயுன். "என்னைச் சுத்தி யாரு அண்ணி நிக்கப்போறா?"

"இருட்டினதும் பெரிய பானைல தண்ணி கொதிக்க விடு. நல்ல நாளும் அதுவுமா அடுப்பு சும்மா இருக்கக் கூடாது."

"ஒருத்திக்குப் பெரிய பானையா?" என்று பெரியம்மா சிரித்தாள்.

ஷூயுன் மீனை அடுப்படியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அறைக்கு வந்ததும், அண்ணிமேல் இருந்த கோபத்தில் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு சாய்த்தாள். இடம் இருந்தது. நிறையவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

இருட்டியதும் தண்ணீர் கொதித்தது. போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

தெருவில் பட்டாசுச் சத்தம். அதற்கு நடுவே கடகடவென்று எதுவோ உருண்டு வந்து வாசலில் நின்றது.

கதவைத் திறந்தாள்.

வட்டப் பலகையைச் சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டு வந்த தேஹாய் மூச்சு வாங்க நின்றான். பின்னால் அப்பா, அவள் வாங்கின மீனைத் தட்டில் ஏந்திக்கொண்டு, ஊர்வலத்தில் சாமி தூக்கி வருகிறவர் மாதிரி மிடுக்காக வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் குய்லான். கடைசியாகப் பெரியம்மா, கையில் வினிகர் பாட்டிலும் அதைவிடப் புளித்த முகமுமாக.

"வழக்கம்னா வழக்கம்னு பகல்ல நீதானே சொன்னே?" என்று குய்லானிடம் முணுமுணுத்தாள்.

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். அவ நம்ம வீட்டு விளக்கைப் பார்க்கக் கூடாது. அவ வீட்டு விளக்கை நாம பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

குய்லான் கொழுக்கட்டைத் தட்டோடு உள்ளே நுழைந்தாள்.

"தண்ணி கொதிச்சிடுச்சா, ஷூயுன்?"