கிளம்பாத கார்

கல்முராத் மகனுடைய காரின் பானட்டைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தினார்.

மகன் மிர்லான் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டணத்திலிருந்து கணவாய் ஏறி இறங்கி வந்த களைப்பு. நாளை அவன் அம்மா சைகாலின் நினைவு நாள். குதிரை அறுத்து ஊருக்கே சோறு போட வேண்டும். குளிர்காலம் வருவதற்குள் வைத்துவிடலாம் என்று கல்முராத்தான் நாள் குறித்திருந்தார்.

அவன் எழுந்திருப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிட்டால் பயல் அசந்து போவான்.

அட்டைப்பெட்டியில் புது ஹீட்டர் இருந்தது. ரேடியேட்டரின் கீழ்க் குழாயை வெட்டி நடுவில் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். வயரை முன்பக்கத்துக் கம்பி வலைக்குப் பின்னால் விட்டுவைத்து, காலையில் வீட்டுக் கரண்டில் சொருகினால் போதும். ஆடுகளுக்குத் தீவனம் போட்டு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். எப்பேர்ப்பட்ட பழைய டீசல் காரும் மறுபேச்சு இல்லாமல் கிளம்பும்.

போன ஜனவரியில் கிளம்பவில்லை.

சைகாலைக் கூடாரத்தில் கிடத்தி இரண்டு ராத்திரி காத்திருந்தார்கள். உறைந்த தரையில் டயரைக் கொளுத்திப் போட்டு இளக்கித்தான் குழி வெட்ட முடிந்தது. அப்படி ஒரு குளிர். கூடார வாசலில் கோலூன்றி நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சேர்ந்து அழ வேண்டிய ஒரே மகனைக் காணோம். "எஞ்சின் கல்லாட்டம் கெடக்கு அத்தா, கிளம்பவே மாட்டேங்குது" என்று போனில் அழுதான். தாய்க்கு மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைப் பக்கத்து வீட்டு ஜுமாஷ்தான் போட்டார்.

போட்டவர் அதோடு விட்டாரா? இப்போதும் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, இவன் காரு படுத்துக்கிச்சு, சரி. பட்டணத்துல இருக்கற டாக்ஸி எல்லாத்துக்குமா ஜன்னி கண்டுச்சு?"

"அந்தக் குளிர்ல எவன்டா கணவாய் ஏறுவான்? புள்ள மேல பழி போடாதே. போய் உன் மாட்டப் பாரு."

இதையேதான் கல்முராத் மசூதி வாசலிலும் சொன்னார், ஆட்டுச் சந்தையிலும் சொன்னார், கல்யாண வீட்டில் விருந்துக்கு நடுவிலும் சொன்னார். ஒரு முறை மச்சினனோடு கைகலப்பே ஆனது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து வந்து போகிறது. தன் சாவு குளிர்காலத்தில் வந்தாலும் மகன் கையால் மண் விழ வேண்டும். அதற்காகத்தான் இந்த ஹீட்டர். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்தில் வைத்திருந்த கெட்டிலைத் தூக்கி ஒரு கோப்பை டீ ஊற்றிக் குடித்தார். கெட்டிலின் கைப்பிடியில் சைகால் தைத்த சிவப்புக் கம்பளி உறை. கண் மங்கிய பிறகு தைத்தது. நீல நூல் கோணல்மாணலாக ஓடும். முடிக்கும் இடத்தில் மட்டும் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுவாள்.

குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பேசினைத் தள்ளிவிட்டுக் காருக்கு அடியில் படுத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வெட்ட வேண்டிய இடத்தைக் கையால் தடவினார்.

குழாய் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒரு ஹீட்டர். கிளிப்புகளில் துரு ஏறியிருந்தது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அட, பட்ட பிறகாவது பயலுக்குப் புத்தி வந்துவிட்டதே!

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது கம்பி வலைக்குப் பின்னால் போய் முடிந்தது. பிளக்கில் தண்ணீர் இறங்காமல் இருக்க யாரோ சின்னதாக ஒரு தொப்பி மாட்டியிருந்தார்கள்.

சிவப்புக் கம்பளி. கோணல்மாணலாக நீல நூல். முடிக்கும் இடத்தில் மூன்று சுற்று.

கல்முராத் எழுந்திருக்கவில்லை. முதுகில் தரையின் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

சாவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் சைகால் மகனைப் பார்க்கப் பட்டணம் போய்வந்தாள். திரும்பி வந்தபோது காதில் வெள்ளித் தோடு இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றாள். இதைக்கூடக் காப்பாற்றத் துப்பில்லையா என்று அவர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் சிரித்துக்கொண்டாள்.

குளிரிலும் பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. அவள் சாகும்போதே இந்தக் கார் எந்தக் குளிரிலும் கிளம்பியிருக்கும். பாவிப் பயல் கிளப்பத்தான் இல்லை.

அவர் கட்டிங் பிளேயரை எடுத்தார். வயரை ஹீட்டரை ஒட்டி, அடியோடு வெட்டினார். பிளக்கையும் தொப்பியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு பானட்டைச் சாத்தினார்.

"என்னப்பா, மாட்டியாச்சா?" ஜுமாஷ் இன்னும் வேலியை விட்டு நகரவில்லை.

"மாட்டியாச்சு. இனிமே எந்தக் குளிர்லயும் கிளம்பும். நீ போ."

ஜுமாஷ் போனார். மிர்லான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். காரைப் பார்த்தான். பிரிக்காத ஹீட்டரைப் பார்த்தான்.

"அத்தா... அது வந்து..."

கல்முராத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதே. இனிமே உன் காரு நெசமாவே கிளம்பாது. என் சாவுக்கு நீ வராதப்போ, உனக்காக ஊர்கிட்டப் பரிஞ்சு பேச நான் இருக்க மாட்டேன்ல."