கள்ளியின் காலடியில் ஒரு புல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி பேச்சியம்மாள். என் சின்ன மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வைகாசியில் சொன்னாள்.

மழையில்லாத ஒரு காட்டில் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு கள்ளிச்செடி மட்டும் பச்சையாக நின்றது. அந்தக் காட்டின் கடைசி அருகம்புல் அதன் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பசியோடு ஒரு கிடா வந்தது. "ஏ கள்ளி! ஊரே காயுது, நீ மட்டும் தளதளன்னு நிக்கிறே. தண்ணியை எங்கே திருடினே? பேரிலேயே இருக்கே நீ திருடின்னு!"

"திருடலைண்ணே. மழை பெஞ்சப்போ குடிச்சதைச் சேர்த்து வச்சிருக்கேன். என்னைக் கடிக்காதீங்க, என் பால் விஷம்."

"அப்போ நகரு. அந்தப் புல்லைத் தின்னுட்டுப் போறேன்."

"இது வேரோட போயிட்டா, அப்புறம் இந்தக் காட்டுல புல்லே கிடையாதுண்ணே."

"அக்கா, என்னை விட்டுடாதே" என்று புல் நடுங்கியது.

கள்ளி தன் கிளைகளைத் தாழ்த்திப் புல்லை மூடிக்கொண்டது. கிடா முட்டியது. ஒரு கிளை ஒடிந்து பால் வடிந்தது. அதில் ஒரு சொட்டு உதட்டில் பட்டதும், எரிச்சல் தாங்காமல் கிடா கத்திக்கொண்டே ஓடியது.

கடவுள் புண்ணியத்தில் ஆடியில் மழை கொட்டியது. புல் கள்ளியின் நிழலைத் தாண்டிக் காடு முழுக்கப் படர்ந்தது. தன் கூட்டத்தோடு திரும்பி வந்த கிடா, அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே கள்ளியின் பக்கம் வந்தது.

ஒடிந்த இடத்தில் துளிர்விட்டிருந்த கள்ளி நிமிர்ந்து நின்று சொன்னது: "ஆமாண்ணே, நான் கள்ளிதான்! இவ்வளவும் உங்ககிட்டேருந்து திருடி வச்சதுதான். வயிறாரத் தின்னுங்க!"

நீங்களும் இன்றைக்குச் சாமி கும்பிடும்போது, மழைக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.