வந்து சேராதது

புதிய தீவிர சிகிச்சைப் பிரிவின் பின்னறையில் மின்விசிறிகள் இரைகின்றன. கதவிடுக்கில் பகல் வெளிச்சம் ஒரு கோடாக விழுகிறது. நெட்வொர்க்கைச் சோதிக்க வந்தவள் தரையில் சம்மணமிட்டுத் திரையையே வெறிக்கிறாள். கட்டிலருகே நாடித் துடிப்பைக் காட்டும் கருவிகளிலிருந்து நர்ஸ் மேசைக்குப் போகும் கேபிள்களில் முழு வேகத்தில் தரவை அனுப்பிப் பார்க்கிறாள். ரேக்கில் அடுக்கிய நெட்வொர்க் பெட்டிகளின் பச்சை விளக்குகள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன. வாசலில் நிற்கும் ஆஸ்பத்திரி மேலாளர் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருக்கிறார். மாலையில் நோயாளிகளை இங்கே மாற்றியாக வேண்டும். “என்னம்மா, முடிஞ்சுதா?” “இல்ல சார். வேகம் ஏறினா நடுவுல கொஞ்சம் வந்து சேர மாட்டேங்குது.” “நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது வருதுல்ல, போதாதா?” அவள் நகத்தைக் கடிக்கிறாள். “வராம போனது யாரோட நாடித் துடிப்புன்னு எப்படி சார் சொல்றது?” மேலாளர் சாவிக்கொத்தைப் பைக்குள் போடுகிறார். அவள் ரேக்குக்குப் பின்னால் தலையை நுழைத்து, இருட்டில் ஒவ்வொரு கேபிளாகத் தடவித் தேடுகிறாள். அவர் உள்ளே வருகிறார். சட்டை அழுக்காவதைப் பாராமல் மண்டியிட்டு, கைபேசி விளக்கை அவள் தோளுக்கு மேலே நீட்டுகிறார். “நிதானமா பாரும்மா. இன்னிக்கு யாரையும் மாத்த வேண்டாம்னு சொல்லிடறேன்.” அவள் அடுத்த கேபிளைப் பிடிக்கிறாள். வெளிச்சமும் கூடவே அங்கே நகர்கிறது.