நாலாவது அடி

“பதறாத காரியம் என்னமோ ஆகாது” என்று பழைய ஆம்ப்ளிஃபயர் சொல்லும். அந்த என்னமோ என்ன என்பதுதான் வலது இசைத்தட்டுக்கு மறந்துவிட்டது.

டி.ஜே. போட்டி மேடையில் ஒரே பாட்டின் இரண்டு தட்டுகள் மாறி மாறிச் சுழன்றன. வலது நாலு தாள அடி ஒலிப்பதற்குள் இடது பின்னால் சுழன்று தொடக்கத்துக்கு வந்துவிட வேண்டும். தாளம் அறுந்தால் இரண்டுக்கும் பழைய சாமான் பெட்டிதான்.

மூன்றாம் சுற்றில், தொடக்கத்தைக் காட்டும் ஸ்டிக்கர் இடதிலிருந்து பிய்ந்து பறந்தது.

“அண்ணே, எங்கே நிக்கிறேன்னே தெரியலை.”

பயிற்சி நாளெல்லாம் வலதை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று கேலி செய்த இடது, இன்றுதான் அண்ணே என்றது.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“இன்னும் நாலு அடி. ஆனா அதுவரை நீ இழுத்தடிச்சா, கூட்டம் உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கும்.”

வலதில் மூன்று அடி முடிந்திருந்தது.

நாலாவதில் அது ஊசியைத் தன் கீறலில் பிடித்துவைத்துக்கொண்டு, இடது தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்ப ஒலித்தது.