கசிவு நின்ற பிறகு

“நேரா நிக்கும்போது கசியல சார். பக்கவாட்டுல சாய்ச்சா தகடுங்க லேசா இறங்குது, இடுக்குல கதிர் கசியுது.”

“கொஞ்சம்தானே மேடம்?”

“அந்தக் கொஞ்சம் நோயாளியோட நல்ல கண்ணுல விழும். சமாதானம் நக்கோ, வேணாம் சார்.”

சோதனைப் பிரிவின் பெர்சிஸ் மூன்று மாதங்களுக்கு முன் தன்னிடம் அப்படிச் சொல்லிக் கருவியைத் திருப்பியனுப்பியதை ஆரோன் மறக்கவில்லை. புற்றுக்கட்டியின் வடிவத்துக்குக் கதிரை வெட்டித் தரும் அந்தக் கருவியைச் சனத்நகர் தொழிற்சாலையில் வடிவமைத்தவன் அவன்தான். இப்போது தகடுகளின் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வும்படி மாற்றியிருந்தான்.

இன்று எந்தப் பக்கம் சாய்த்தும் கசிவு வரம்பைத் தாண்டவில்லை. பெர்சிஸ் கையெழுத்திட்டாள்.

“எப்படிய்யா இந்தப் பொண்ணைச் சமாளிக்கிறே?” என்று சிரித்தார் புதிதாக வந்திருந்த மேலாளர் சந்திரசேகரன்.

“கல்யாணமான நாள்லேருந்து சமாளிக்கிறேன் சார்,” என்றான் ஆரோன். “வீட்ல நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சா, மனசு இளகிக் கையெழுத்துப் போட்டுடுவோம்னு பயந்து, கருவியைத் திருப்பியனுப்பின அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

பெர்சிஸ் குனிந்து சிரிப்பை மறைத்தாள்.

முன்பே கேட்டிருந்தால் அது கையெழுத்துக்கான சிபாரிசாகியிருக்கும் என்றுதான் இதுவரை அவன் வாய் திறக்கவில்லை.

“இப்ப கேக்கலாமில்ல? வீட்டுக்கு வா, பெர்சிஸ்.”