துவைத்துக் கொடுத்த ஸ்வெட்டர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, தேனிப் பக்கம் கம்பம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாயிரத்து நாலில் அங்கே பழைய ராணுவக்காரர்கள் ஒரு போர் அருங்காட்சியகம் நடத்தினார்கள். எழுபத்தோராம் ஆண்டுப் போரில் காணாமல் போன தன் கணவர் சேக் பரீத் கடைசி லீவில் விட்டுப்போன ஸ்வெட்டரை ரெஹானா அங்கே கொடுத்தாள். இனிக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்துதான் கொடுத்தாள்.

பொறுப்பாளர் விஜய்ராஜ் தலையில் கைவைத்தார். "ஏம்மா துவைச்சீக? வேர்வைக் கறையோட வச்சாத்தான எங்களுக்குச் சரித்திரம்."

"அழுக்குத் துணிய எப்படி அடுத்தவுகளுக்குக் குடுக்குறது?"

பூச்சி மருந்து போட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சித்திரையில் அதன் அக்குளில் ஈரம் தெரிந்தது. காயவைத்தார். மறுநாளும் ஈரம். மற்ற உடுப்புகள் காய்ந்தே இருந்தன. ரெஹானாவை வரவழைத்துப் பெட்டியைத் திறந்தார்.

முகர்ந்தவளுக்கு நிலைகொள்ளவில்லை. "அவுக வேர்வைதான். அப்ப அவுக எங்கன இருக்காக?"

விஜய்ராஜ் பெட்டியைப் பூட்டினார். அவள் கண்ணாடியருகே குனிந்தாள்.

"இங்கன பனி இல்லீங்க, நம்மூரு வெயிலு. கழட்டிப் போடுங்க."

காலையில் பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே ஸ்வெட்டர், தலைவழியாக இழுத்துக் கழற்றியது போல், உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது.

"எப்பவும் இப்படித்தான் கழட்டிப் போடுவாக" என்றாள் ரெஹானா.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் எல்லாரும் பொழுது சாயுமுன் வந்து, உங்கள் வீட்டுக் கொடியிலேயே சட்டையைப் போடட்டும்.